காட்டுல, களத்துல, மண்டியில

பெருந்துறைப் பக்கம் மஞ்சள் போட்டிருக்கும் ஒருவரிடம் மாசி மாதத்தில் போய், "மஞ்சள் எங்கீங்க இருக்குது?" என்று கேட்டுப் பாருங்கள். இன்னும் வெட்டாமல் இருந்தால், விளைநிலத்தைக் காடு என்று சொல்லும் எங்கள் வழக்கில், "காட்டுலதானுங்க கெடக்குது" என்பார். வெட்டி, வேகவைத்து, காயப் போட்டிருந்தால் "களத்துலீங்க". மூட்டை பிடித்து ஈரோட்டுக்கு அனுப்பியிருந்தால் "மண்டியிலீங்க". இடம் மூன்று, உருபு ஒன்று. காடும் களமும் மண்டியும் மாறினாலும் கடைசியில் நிற்கும் 'ல' மாறுவதில்லை.

இதே மூன்று பதிலையும் ஆங்கிலத்தில் சொல்ல மூன்று பிரிப்பொசிஷன், அதாவது பெயருக்கு முன்னால் வரும் சின்னச் சொல், வேண்டும். மண்ணுக்குள் இருக்கும் மஞ்சள் 'இன் த கிரவுண்ட்'. களத்தில் பரப்பிய மஞ்சள் 'ஆன் த டிரையிங் ஃப்ளோர்'. விலைக்குப் போன மஞ்சள் 'அட் த மார்க்கெட்'. இவற்றில் ஒன்றை இன்னொன்றின் இடத்தில் வைத்தால் கேட்பவருக்கு அர்த்தம் புரியும், ஆனால் படம் கலையும். களத்தில் காயும் மஞ்சளை 'இன் த ஃப்ளோர்' என்றால் தரையைத் தோண்டிப் புதைத்த மாதிரி ஆகிவிடும்.

திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனிகளில் பல வருடம் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டரைத் தொடக்கத்திலிருந்து அனுப்பும் வரை கவனிப்பவளாக, இருந்தவள் நான். இப்போது ஈரோட்டில் சாயங்கால வேளையில் பேச்சு ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். பனியன் கம்பெனி ஆபீஸில் சேர்ந்திருக்கும் பிள்ளைகள், நர்சிங் முடித்தவர்கள், லாரி புக்கிங் ஆபீஸில் இருப்பவர்கள் என்று கலந்து வருவார்கள். அவர்களில் ஒரு பையன் கேட்டான்: "ஏனுங் மிஸ், நம்முளுக்கு ஒரு 'ல' பத்துதுங்களே, அவிங்களுக்கு மட்டும் எதுக்குங் மூணு?"

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. வகுப்பில் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வைப்பதை நான் விட்டதற்கும் இந்தக் கேள்விதான் காரணம். பதில் இப்படிப் போகிறது. தமிழில் இடத்தின் வடிவத்தைப் பெயர்ச்சொல்லே சுமந்துகொள்கிறது. களம் என்று சொன்னவுடன் தட்டையான தளம் கண்ணில் வந்துவிடுகிறது. குடம் என்றால் உள்ளே இடம் இருப்பது தெரிகிறது. அதனால் 'ல' லேசாக இருந்தால் போதும். மேலேயா உள்ளேயா என்று சந்தேகம் வரும் இடத்தில் மட்டும் 'மேல', 'உள்ள', 'ஓரத்துல' என்று சேர்த்துக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் அந்தச் சுமை பிரிப்பொசிஷனுக்குப் போய்விட்டது. பேசுகிறவர் ஒவ்வொரு முறையும் முடிவு செய்ய வேண்டும்: இந்த இடத்தை நான் இப்போது ஒரு புள்ளியாகப் பார்க்கிறேனா, ஒரு தளமாகவோ கோடாகவோ பார்க்கிறேனா, சுற்றி எல்லை உள்ள ஓர் உள்ளிடமாகப் பார்க்கிறேனா? புள்ளி என்றால் 'அட்'. தளம், கோடு என்றால் 'ஆன்'. உள்ளிடம் என்றால் 'இன்'. இடம் எது என்பதைவிட, பேசுகிற நிமிஷத்தில் அதை எப்படிப் பார்க்கிறோம் என்பதுதான் சொல்லைத் தீர்மானிக்கிறது.

தமிழுக்கு இந்த நுட்பம் இல்லை என்று யாராவது நினைத்துவிடப் போகிறார்கள் என்பதால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நன்னூல் என்ற பழைய இலக்கண நூல், இடத்தைக் குறிக்கும் ஏழாம் வேற்றுமைக்கு 28 உருபுகளை அடுக்குகிறது. கண், கால், கடை, இடை, தலை, வாய் என்று தொடங்கி உள், அகம், புறம், இல் என்று முடியும் வரிசை அது. அதை எழுதிய பவணந்தி முனிவரின் சனகை என்ற ஊர், பெருந்துறைக்குப் பக்கத்திலுள்ள சீனாபுரம்தான் என்று கொங்குநாட்டில் சொல்வார்கள். விஜயமங்கலத்துச் சமணக் கோயிலுக்குப் போனால் அந்தப் பேச்சு இன்னும் உயிரோடு இருப்பதைக் கேட்கலாம். 28 உருபு வைத்திருந்த மொழி, பேச்சில் ஒரு 'ல'வுக்கு வந்து நின்றிருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு இடத்தை நுணுக்கமாகப் பார்க்கத் தெரியாது என்று எந்த ஆசிரியரும் சொல்லக் கூடாது. பார்வை இருக்கிறது. அதை எந்தச் சொல்லில் ஏற்றுவது என்பதுதான் கற்றுக்கொடுக்க வேண்டியது.

ஊர்ப்பெயரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் குழப்பிவிடுவது அங்கேதான். பெரிய நகரத்துக்கு 'இன்', சின்ன ஊருக்கும் கிராமத்துக்கும் 'அட்' என்று பழைய இலக்கணப் புத்தகங்களில் ஒரு விதி உண்டு. அதைப் படித்துவிட்டு வரும் பிள்ளை "ஐ லிவ் அட் சென்னிமலை" என்று சொல்கிறது. சென்னிமலையில் பிறந்து, தறிச் சத்தத்தில் வளர்ந்து, அங்கேயே வீடு கட்டியிருக்கும் ஒருவருக்கு அந்த ஊர் எப்படிப் புள்ளியாகும்? குடியிருப்பவருக்கு ஊர் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் 'இன்' தான். "ஐ லிவ் இன் சென்னிமலை." இன்றைய ஆங்கிலம் இப்படித்தான் பேசுகிறது. பழைய விதியை இனி நம் வகுப்புகளில் சொல்லாமல் விடுவதே நல்லது.

ஆனால் அதே விதிக்குள் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து சென்னைக்குப் போகும் ரயில் திருப்பூரிலும் ஈரோட்டிலும் நிற்கும். "த டிரெயின் ஸ்டாப்ஸ் அட் திருப்பூர் அண்ட் ஈரோடு." லட்சக்கணக்கான பேர் வாழும் ஈரோடு இந்த வாக்கியத்தில் புள்ளியாகிவிட்டது. ரயிலின் கண்ணில் அது ஒரு நிறுத்தம், அவ்வளவுதான். ஆக, ஊரின் அளவு கணக்கில் வருவதே இல்லை. பயணத்தின் நடுவில் ஒரு நிறுத்தமாகப் பார்த்தால் எந்த ஊருக்கும் 'அட்' வரும், வாழும் இடமாகப் பார்த்தால் எந்த ஊருக்கும் 'இன்' வரும். வந்து சேர்வதற்கும் இதேதான்: ஜங்ஷனுக்கு வந்தால் 'அரைவ்டு அட்', நகரத்துக்கு வந்தால் 'அரைவ்டு இன்'. 'ரீச்' என்ற வினைக்கு எதுவுமே வேண்டாம். "ஐ ரீச்டு ஈரோடு", அத்தோடு சரி. ஆனால் "ஈரோட்டுக்கு" என்ற நம் 'கு' உள்ளேயிருந்து தள்ளுவதால், நன்றாகப் பேசுகிறவர்கள்கூட "ரீச்டு டு ஈரோடு" என்று விடுகிறார்கள். திருத்துவதற்கு எனக்கு அதிக நாள் பிடிப்பது இந்த ஒரு 'டு'தான்.

காந்திபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோயம்புத்தூரில் இருப்பவர்கள் போனில் அதிகம் சொல்லும் வாக்கியங்களில் ஒன்று "காந்திபுரத்துல இருக்கேன்". டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டே சொன்னால் "ஐ ஆம் அட் காந்திபுரம்". வீடு அங்கேதான் என்றால் "ஐ லிவ் இன் காந்திபுரம்". கடை வைத்திருப்பவர் என்றால் "த ஷாப் இஸ் ஆன் கிராஸ்கட் ரோடு", ஏனென்றால் சாலை ஒரு கோடு, கடை அந்தக் கோட்டை ஒட்டி நிற்கிறது. கதவு எண்ணைச் சேர்த்துச் சொன்னால் மறுபடி 'அட்' வந்துவிடும், எண் சொன்னவுடன் கோட்டில் ஒரு புள்ளி விழுந்துவிடுகிறதே. ஒரே பஸ் ஸ்டாண்டைச் சுற்றி நாலு எட்டு வைப்பதற்குள் மூன்று சொல்லும் வந்து போகின்றன.

சாலை விஷயத்தில் ஆங்கிலேயர்களும் அமெரிக்கர்களும் தங்களுக்குள்ளேயே ஒத்துப்போவதில்லை. தெருவுக்கு லண்டன்காரர் 'இன் த ஸ்ட்ரீட்' என்பார், நியூயார்க்காரர் 'ஆன் த ஸ்ட்ரீட்' என்பார். நம் ஊரில் 'இன் அவினாசி ரோடு' என்று எழுதும் பழக்கம் பிரிட்டிஷ் காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டது. அதைத் தப்பு என்று அடிக்க நான் பேனா எடுப்பதில்லை. ஆனால் ரோடு என்று வந்தால் இரு நாட்டிலும் 'ஆன்' செல்லும், அதனால் அதையே பழகிக்கொள்ளச் சொல்கிறேன்.

இனி தோட்டம். கொங்குநாட்டுக்காரர்கள் ஆங்கிலம் பேசும்போது தனியாகக் கவனிக்க வேண்டிய சொல் இது. எங்கள் பக்கம் தோட்டம் என்றால் கிணற்றுப் பாசனம் உள்ள பூமி. அதற்குள்ளேயே தோட்டத்து வீடான சாளை, மாட்டுக் கொட்டகை, களம், தென்னை எல்லாம் இருக்கும். பல குடும்பங்கள் ஊருக்குள் இருப்பதில்லை, தோட்டத்தில்தான் குடியிருக்கிறார்கள். "நாங்க தோட்டத்துல இருக்கறோமுங்க" என்பதை ஒரு பெண் இன்டர்வியூவில் "வீ லிவ் இன் எ கார்டன்" என்று சொன்னாள். எதிரே இருந்தவர் மனதில் பூச்செடியும் புல்தரையும் வந்திருக்கும். சொல்லையும் மாற்ற வேண்டும், பிரிப்பொசிஷனையும் மாற்ற வேண்டும்: "வீ லிவ் ஆன் எ ஃபார்ம்."

ஏன் 'ஆன்'? ஊருக்கு 'இன்' என்றோமே, அதைவிடச் சின்ன தோட்டத்துக்கு ஏன் 'ஆன்' என்று வகுப்பில் கட்டாயம் ஒருவராவது கேட்பார். பண்ணையை ஆங்கிலம் விரிந்து கிடக்கும் நிலமாகப் பார்க்கிறது. வீடும் மாடும் மனிதர்களும் அந்த நிலத்தின் மேல் இருக்கிறார்கள். தோட்டத்துக்குள் இருக்கும் பயிரிடும் வயலுக்கு வந்துவிட்டால் பார்வை மாறுகிறது. கரும்பு வயலுக்குள் நிற்பவரைச் சுற்றிக் கரும்பு இருக்கிறது, வரப்பு எல்லை போட்டிருக்கிறது. அதனால் 'இன் த ஃபீல்டு'. அதே 'ஃபீல்டு' விளையாட்டு மைதானமானால் ஆட்டக்காரர்கள் 'ஆன் த ஃபீல்டு' நிற்கிறார்கள், புல் மட்டும் காலுக்குக் கீழே இருப்பதால். காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொரங்காட்டை, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தை, இதற்கு நல்ல எடுத்துக்காட்டாக வைப்பேன். கிளுவை வேலி சுற்றிலும் நெருக்கமாக நிற்க, உள்ளே வெள்வேல மரங்களின் அடியில் கொழுக்கட்டைப் புல் முளைத்திருக்கும். காங்கேயம் மாடுகள் அதற்குள் மேயும். வேலி இருப்பதால் அந்த மாடுகள் 'இன்'. படலைத் திறந்து தார் ரோட்டுக்கு வந்துவிட்டால் 'ஆன் த ரோடு'. மாட்டுக்காரர் இதை ஆங்கிலம் தெரியாமலே சரியாகப் பிரித்து வைத்திருக்கிறார்: "மாடு கொரங்காட்டுக்குள்ள இருக்குது, ரோட்டு மேல போவுது."

மரத்துக்கும் இப்படி ஒன்று உண்டு. புளியமரத்தில் காய் தொங்குகிறது, அதே மரத்தில் கிளி உட்கார்ந்திருக்கிறது. காய் 'ஆன் த ட்ரீ', மரத்திலேயே விளைந்து ஒட்டியிருப்பதால். கிளி 'இன் த ட்ரீ', கிளைகளுக்கும் இலைகளுக்கும் நடுவில் இருப்பதால். பொள்ளாச்சிப் பக்கம் தென்னை ஏறுபவர் பாதி மரத்தில் இருக்கும்போது 'அப் த ட்ரீ'.

திசைக்கு வந்தால் நாம் பெரிய பணக்காரர்கள். எங்கள் வீடுகளில் பந்தியில் உட்காரும்போதுகூட "கொஞ்சம் தெக்கால நவுந்து உக்காருங்" என்பார்கள். இடது வலது என்று சொல்வது குறைவு. இந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குப் போனால் 'இன்', 'ஆன்', 'டு' மூன்றும் ஒரே திசைச்சொல்லோடு வந்து நிற்கும். கோயம்புத்தூர் மாவட்டம் தமிழ்நாட்டின் மேற்கில் இருக்கிறது, தமிழ்நாட்டுக்குள்ளேயே. அதனால் 'இன் த வெஸ்ட் ஆஃப்'. கேரளம் தமிழ்நாட்டை மேற்கில் தொட்டுக்கொண்டு நிற்கிறது. எல்லையில் தொடுவதற்கு 'ஆன் த வெஸ்ட்'. வெளியே, விலகியும் இருக்கலாம் என்றால் 'டு த வெஸ்ட் ஆஃப்', அரபிக்கடல் போல. பொள்ளாச்சியை வைத்துச் சோதிக்கலாம். அது கோயம்புத்தூர் மாவட்டத்துக்கு 'இன் த சவுத்', கோயம்புத்தூர் நகரத்துக்கு 'டு த சவுத்'. ஒரு வாக்கியத்தில் மாவட்டத்தையும் இன்னொன்றில் நகரத்தையும் சொன்னதால் ஊர் உள்ளே வந்து வெளியே போகிறது.

உள்ளே, வெளியே என்பது அரசாணையாலும் மாறும். தாராபுரம் வெகுகாலம் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1979-இல் பெரியார் மாவட்டம் பிரிந்தபோது அதற்குள் போனது. அந்த மாவட்டம்தான் பிறகு ஈரோடு மாவட்டம் ஆனது. 2009-இல் திருப்பூர் மாவட்டம் வந்தபோது அதற்குள் போனது. அமராவதிக் கரையில் இருந்த இடத்தைவிட்டு ஓர் அடி நகராத ஊருக்கு, 'இன்' என்ற சொல்லுக்குப் பின்னால் மூன்று மாவட்டங்கள் மாறி மாறி வந்திருக்கின்றன.

திசையில் மிகுந்த கவனம் தேவைப்படும் இடம் கிரயப் பத்திரம். தமிழ்ப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதும்போது "இன்னார் பூமிக்குக் கிழக்கு" என்று ஒரு நடை இருக்கிறது. நம் பூமி அவர் பூமிக்குக் கிழக்கில் இருக்கிறது என்று பொருள், அதாவது அவர் நமக்கு மேற்கில் இருக்கிறார். ஆங்கிலப் பத்திரம் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கும்: 'பவுண்டட் ஆன் த வெஸ்ட் பை', பிறகு அவர் பெயர். நம் பூமியின் மேற்கு எல்லையில் அவர் இருக்கிறார் என்று அது சொல்கிறது. 'கிழக்கு' என்ற சொல்லைப் பார்த்தவுடன் 'ஆன் த ஈஸ்ட் பை' என்று மொழிபெயர்த்துவிட்டால் பூமி கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பிவிடும். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்காகப் பத்திரத்தை ஆங்கிலத்தில் எழுதுவிப்பவர்கள் இந்த நான்கு வரிகளை ஒரு தாளில் படம் வரைந்து சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

பஸ்ஸுக்கு வருவோம். "பஸ்ஸுக்கு முன்னாடி நின்னாங்க", "பஸ்ல முன்னாடி நின்னாங்க" என்ற இரண்டையும் எந்தத் தமிழரும் குழப்பிக்கொள்ள மாட்டார். முதலாவதில் ஆள் ரோட்டில் இருக்கிறார், ஓட்டுநர் ஹாரன் அடிக்கிறார். இரண்டாவதில் பஸ்ஸுக்குள்ளே முன்பக்கம் இருக்கிறார். நம் 'க்கு'வும் 'ல'வும் செய்யும் இந்த வேலையை ஆங்கிலம் ஒரு சின்ன 'த'வை வைத்துச் செய்கிறது. 'இன் ஃப்ரண்ட் ஆஃப் த பஸ்' என்றால் ரோட்டில். 'இன் த ஃப்ரண்ட் ஆஃப் த பஸ்' என்றால் உள்ளே. "மை மதர் இஸ் ஸ்டாண்டிங் இன் ஃப்ரண்ட் ஆஃப் த பஸ்" என்று எழுதிய பெண்ணிடம் இந்த இரண்டு தமிழ் வாக்கியங்களைத்தான் சொன்னேன். அதற்குமேல் விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. எதிரே என்பதற்கும் இதைச் சேர்த்துக்கொள்ளலாம்: ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் இருந்தால் 'ஆப்போசிட் த பஸ் ஸ்டாண்ட்', நடுவில் 'டு' வேண்டாம். பின்பக்கத்துக்கு 'பிஹைண்டு' போதும். கடை போர்டுகளில் எழுதும் 'பேக்சைட்' ஆங்கிலேயர் காதில் உடம்பின் பின்பாகத்தைக் குறிக்கும் சொல், அதை எடுத்துவிடுவது மரியாதை.

பஸ்ஸுக்குள் இருப்பவர் 'ஆன் த பஸ்', காருக்குள் இருப்பவர் 'இன் த கார்' என்பது எல்லோரையும் சலிக்க வைக்கும். இரண்டிலும் உள்ளேதானே இருக்கிறோம்? வழித்தடம் போட்டு ஓடுகிற, ஏறி நடந்துபோய் இடம் பிடிக்கிற வண்டிகளுக்கு 'ஆன்': பஸ், ரயில், விமானம், கப்பல். குனிந்து நுழைந்து உட்காருகிற வண்டிகளுக்கு 'இன்': கார், ஆட்டோ, வேன். மேலே ஏறி உட்காருவதற்கு மறுபடி 'ஆன்': ஸ்கூட்டர், குதிரை. லாரியில் இரண்டும் ஒன்றாக வரும். நாமக்கல் ஓட்டுநர் 'இன் த லாரி', கேபினுக்குள் இருப்பதால். பின்னால் திறந்த பாடியில் ஏற்றிய சுமை 'ஆன் த லாரி'. கேஸ் டேங்கர் என்றால் சரக்கும் 'இன்' ஆகிவிடும். திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் போர் போடும் இயந்திரம் 'மவுண்டட் ஆன்' லாரி. லாரி புக்கிங் ஆபீஸ் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது அவர்கள்தான் எனக்கு அடுத்த எடுத்துக்காட்டைக் கொடுக்கிறார்கள்.

திருப்பூர் வேலையில் இந்தச் சின்னச் சொற்களின் கனம் எனக்கு நன்றாகத் தெரியும். சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர், அதாவது பையர், காலையில் மெயில் போடுவார்: என் ஆர்டர் எங்கே? துணி கட்டிங்கில் இருந்தால் 'இன் கட்டிங்'. டைலர்கள் தைத்துக்கொண்டிருந்தால் 'ஆன் த லைன்', ஏனென்றால் தையல் வரிசை ஒரு கோடு, பீஸ் அதன்மேல் நகர்ந்துகொண்டே போகிறது. செக்கிங் மேஜைக்கு வந்துவிட்டால் 'அட் செக்கிங்', அது ஒரு கட்டம், ஒரு நிறுத்தம். தைத்துக்கொண்டிருக்கும்போதே தரம் பார்ப்பதற்கு 'இன்லைன் இன்ஸ்பெக்‌ஷன்' என்று பெயர், ஓட்டத்துக்குள் புகுந்து பார்ப்பது என்ற பொருளில். பொறுப்பான மெர்ச்சண்டைசர் அனுப்பும் ஒரு வரியில் பீஸ் எந்த நிலையில் நிற்கிறது என்பதை பையர் அந்தச் சொல்லை வைத்தே படம் பிடித்துவிடுவார்.

சரக்கு தூத்துக்குடிக்குப் போனபிறகு அதே சொல் பணத்தைத் தொடுகிறது. திருப்பூரில் பரவலாக விலை பேசுவது எஃப்ஓபி கணக்கில். அந்த மூன்று எழுத்தின் நடுவில் இருப்பது 'ஆன்'தான்: ஃப்ரீ ஆன் போர்டு. சரக்கு கப்பலின்மேல் ஏறும் வரை அதற்கு என்ன நேர்ந்தாலும் விற்பவர் பொறுப்பு, ஏறியபிறகு வாங்குபவர் பொறுப்பு. இன்கோடெர்ம்ஸ் என்ற சர்வதேச வர்த்தக விதிகளில் முன்பு கப்பலின் கைப்பிடிச் சுவரை, ஆங்கிலத்தில் 'ஷிப்ஸ் ரெயில்' என்பதை, சரக்கு தாண்டும் நொடியைத்தான் எல்லையாக வைத்திருந்தார்கள். கிரேனில் ஊசலாடும் பெட்டி சுவருக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று வழக்காட இடம் கொடுத்த வரையறை அது. 2010 பதிப்பில் அதை எடுத்துவிட்டு, கப்பலின்மேல் வைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று மாற்றினார்கள். 2011 ஜனவரி 1 முதல் அந்தப் பதிப்பு நடைமுறைக்கு வந்தது. ஆக, 'த கூட்ஸ் ஆர் அட் த போர்ட்' என்று எழுதினால் பொறுப்பு இன்னும் திருப்பூர்க்காரர் தலையில் இருக்கிறது. 'த கூட்ஸ் ஆர் ஆன் போர்டு' என்றால் கை மாறிவிட்டது. துறைமுகத்தையும் கப்பல் தளத்தையும் குறிக்கும் இரண்டு ஆங்கிலச் சொற்களும் நம் வாயில் ஏறக்குறைய ஒரே மாதிரி விழும். போனில் பேசும்போது வித்தியாசத்தைக் காட்டிக்கொடுப்பது முன்னால் வரும் 'அட்', 'ஆன்' மட்டும்தான். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளை இந்த இரண்டு வரியையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வைப்பேன்.

பார்த்துப் புரிந்துகொள்ளும் இந்த வழி எல்லா இடத்துக்கும் செல்லாது, அதையும் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது. 'அட் ஹோம்' என்கிறோம், ஆனால் போகும்போது 'கோ ஹோம்', நடுவில் எதுவும் இல்லை. நோயாளியாகச் சேர்ந்திருப்பவரை பிரிட்டிஷ் ஆங்கிலம் 'இன் ஹாஸ்பிடல்' என்கிறது, அமெரிக்க ஆங்கிலம் 'இன் த ஹாஸ்பிடல்' என்கிறது. பார்க்கப் போனவர் இரண்டிலும் 'அட் த ஹாஸ்பிடல்'. அப்பாவுக்கு ஆபரேஷன் என்று லீவு கேட்டு எழுதும்போது 'மை ஃபாதர் இஸ் அட் த ஹாஸ்பிடல்' என்றால், அவர் யாரையோ பார்க்கப் போயிருக்கிறார் என்று மேனேஜர் எடுத்துக்கொள்ள இடமுண்டு. மலைகளில், தொடராக இருந்தால் 'இன்': ஊட்டி 'இன் த நீலகிரிஸ்'. தனி மலையாக நின்றால் 'ஆன்': முருகன் கோயில் 'ஆன் த ஹில்', அடிவாரம் 'அட் த ஃபுட் ஆஃப் த ஹில்'. இதில் கொஞ்சம் பார்வையும் இருக்கிறது, கொஞ்சம் பழக்கமும் இருக்கிறது. பழக்கத்தைக் காதால் மட்டுமே பிடிக்க முடியும். அதனால் ஆங்கிலச் செய்தி கேட்கும்போது ஊர்ப்பெயருக்கும் கட்டடப் பெயருக்கும் முன்னால் என்ன வருகிறது என்பதை மட்டும் குறித்துக்கொண்டு வரச் சொல்கிறேன். அர்த்தம் எல்லாம் புரிய வேண்டியதில்லை, அந்த ஒரு சொல்லைப் பிடித்தால் போதும்.

வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்வது எங்கள் வகுப்பில் வழக்கம். ஈரோட்டுக்குத் தெற்கே, மொடக்குறிச்சிப் பக்கம் காலிங்கராயன் வாய்க்காலை ஒட்டித் தோட்டம் உள்ள ஒரு பெண் சொன்னாள்: "வீ லிவ் ஆன் எ ஃபார்ம். த ஃபார்ம் இஸ் ஆன் த கெனால். எவ்ரி மார்னிங் ஐ வாக் அலாங் த கெனால், கோ அக்ராஸ் த பிரிட்ஜ், அண்ட் கெட் ஆன் த பஸ் அட் த ஸ்டாப்." வாய்க்காலின் போக்கிலேயே நடப்பதற்கு 'அலாங்', பாலத்தைக் குறுக்கே கடப்பதற்கு 'அக்ராஸ்', இரண்டும் கச்சிதமாக வந்திருந்தன. கடைசியில் 'ரீச் டு த ஆபீஸ்' என்று முடித்தாள், அதை மட்டும் திருத்தினேன்.

உடனே பின்வரிசையிலிருந்து கேள்வி வந்தது: "தோட்டம் எப்பிடீங் மிஸ் வாய்க்கா மேல இருக்கும்? அங்க நீச்சலடிக்கிற பையனத்தான 'ஆன்'னு சொல்லோணும்?" நீச்சலடிப்பவனைச் சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் அவன் 'இன் த கெனால்'. கரையை ஒட்டி இருப்பதற்கு 'ஆன்': தோட்டம் 'ஆன் த கெனால்', கொடுமுடி 'ஆன் த காவேரி'. தண்ணீரின்மேல் மிதப்பதற்கும் 'ஆன்' தான்: பரிசல் 'ஆன் த காவேரி'. "அப்பறம் ஊரு மெதக்குதா, பரிசலு கரையில கெடக்குதான்னு எப்பிடீங் தெரியும்?" என்று அவன் விடவில்லை. அங்கே மட்டும் ஆங்கிலமும் நம்மைப் போலவே பெயர்ச்சொல்லிடம் வேலையை விட்டுவிடுகிறது. கொடுமுடி என்ற சொல்லும் பரிசல் என்ற சொல்லும் பார்த்துக்கொள்கின்றன.